முட்டியில் கட்டிய முடிச்சு

மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, காலை மடக்கி நீட்டும் மெஷினின் உறுமல் நின்றது, கீழ்வீட்டு டிவியில் அழுதுகொண்டிருந்தவள்கூட வாயை மூடினாள். தணிகாசலத்தின் வலது கால் மட்டும் நிற்கவில்லை. மெதுவாக மடிந்தது. மெதுவாக நீண்டது.

சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலைக்கு லோடு ஓட்டியவன் அவன். குவைத்தில் டிரைவர் வேலைக்கு விசா வந்த வாரமே பைக்கோடு லாரியில் மோதி, முட்டியில் மூன்று ஜவ்வுகள் அறுந்தன. திருப்பதியில் ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு மாடி அறையில் கிடந்தான். விசாவும் கூழ் டப்பா மாதிரிதான், கெட்டுப்போகும் தேதி அச்சடித்தே வரும். இன்னும் இருபத்தாறு நாள். அதற்குள் முட்டி தொண்ணூறு டிகிரி மடிய வேண்டும். அதுவோ மூன்று வாரமாக அறுபதிலேயே முரண்டு பிடித்தது. காலை ஊன்றவும் கூடாது, ஊன்றினால் தைத்ததெல்லாம் பிய்ந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

பொறுக்கமாட்டாமல் அவன் மனைவி சிவசங்கரி வேண்டிக்கொண்டாள். முட்டி மடிந்தால், திருமலை நடைபாதையில் முழங்கால் முறிச்சான் படிகளை அவனை முட்டியாலேயே ஏற வைப்பதாக. வேண்டுதல் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைப்பார்கள். இவள், வைத்தியமும் ஆகட்டுமே என்று அவன் முட்டியிலேயே கட்டிவிட்டாள். முடிந்து வைத்தது சாமிக்குச் சேர்ந்தது, அப்புறம் அதை வீட்டில் யாரும் புழங்கமாட்டார்கள் என்பது அவசரத்தில் இருவருக்குமே தோன்றவில்லை.

"சங்கரி! கால் தானா மடங்குதுடி!"

ஓடிவந்தாள். "மெஷின் ஓடுதா மாமா?"

"கரண்டே இல்லியே."

"அப்போ நரம்புக்கு உசுரு வந்துடிச்சி! இரு, பிசியோ பவன்குமாரை இட்டாறேன். நேத்து மடங்கவே மடங்காதுன்னு இன்னா ஏத்தம் பேசினான்! நிறுத்தாத, மடக்கிக்கினே இரு."

"நான் எங்கடி மடக்கறேன்?"

அது அவள் காதில் விழவில்லை. செருப்புச் சத்தம் படியிறங்கித் தெருவில் கரைந்தது.

டிஞ்சர் வாடையும் மஞ்சள் வாடையும் வியர்வையும் கலந்து புழுங்கிய அந்த அறையில், விரிப்பின் மேல் குதிகால் உரசுகிற சர்ரென்ற சத்தம் மட்டும், யாரோ பொறுமையாகத் தரையைப் பெருக்குவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. மெஷினின் பட்டையிலிருந்து கால் தானாகவே உருவிக்கொண்டது. எழுபது இருக்கும். தொண்ணூறு. சிரித்தான். அதற்கும் மேலே போனது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். உள்ளங்கைக்கு அடியில் முட்டி, பிடிபட்ட கோழிபோல் துடித்தது. வலியே இல்லை. மூன்று வாரமாக அவன் தூக்கத்தைத் தின்ற வலி, துளிகூட இல்லை. அப்போதுதான் பயம் வந்தது.

கால் தரைக்கு இறங்கியது. அவனும் விழுந்தான். கட்டில் காலைப் பற்றினான். கட்டிலும் கூடவே நகர்ந்தது. பிடி நழுவியது. வாசல். மாடிப்படி. மொட்டைமாடிக்கு ஏறும் பக்கம்.

"வேணாம் சாமி. பிஞ்சிடும். குவைத் போய்ட்டு வந்து ஏறறேன். பத்து தடவை." மூச்சு வாங்கியது. "நூறு தடவை!"

பேரம் பேச எதிரில் யாரும் இல்லை.

முட்டி முதல் படியில் விழுந்தது. டக்.

இரண்டாவது படி. டக். உள்ளே ஏதோ ஈரக் கயிறுபோல் அறுந்தது.

மூன்றாவது. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். விடமாட்டேன். உடம்பு இழுபட்டது. விடமாட்டேன். இன்னும் இழுபட்டது.

சட்டென்று இழுப்பு நின்றது. உடம்பின் வலது பக்கம் லேசானது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். கம்பியை விடவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை.

கீழே கேட் திறந்தது. சிவசங்கரியின் குரல் படியேறி வந்தது. "மாமா, பவன்குமார் சாரே வந்துக்கினு..."

பாதியில் நின்றுபோனது.

கண்ணைத் திறந்தான். கீழே, நின்ற படியிலேயே அவள் நின்றாள்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு மேலே பார்த்தாள்.

கம்பியைக் கட்டிக்கொண்டு, தணிகாசலம் அசையாமல் கிடந்தான்.

மேல் படியில், டக்.

அதற்கும் மேல் படியில், டக்.