நெனிதாவின் பயமும் வெனான்சியோவின் படகும்

"குழம்பு உப்புக் கரிக்குது. ராத்திரி தூங்கியிருக்க மாட்டா, பாவம்... அந்தப் பி.டி.எஸ்.டி. படுத்துற பாடு," என்றாள் மாமியார் லாக்ரிங், கரண்டியை அண்டாவின் விளிம்பில் தட்டியபடி.

நெனிதா நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள். உப்புப் போட்டதும் அவளில்லை, உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி. ஆனால் சொல்லி என்ன ஆகப் போகிறது? கையைத் துடைத்துக்கொண்டு கணவன் ரொகேலியோவிடம் போனாள்.

அன்று ஊர்த் திருவிழா. முற்றத்தில் முழுப் பன்றி மூங்கில் கழியில் சுழன்று பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. தேவாலயத்துப் பக்கம் பேண்டு வாத்தியம் முழங்கியது. இன்னும் சற்று நேரத்தில் மாதா சொரூபம் படகேறும். ஊர்ப் படகுகளெல்லாம் பின்தொடர்ந்து விரிகுடாவைச் சுற்றி வரும். நெனிதாவின் மகள் ஜெசாவுக்கு இந்த வருடம் சம்மனசு, அதாவது வானதூதர் வேடம். பெரியப்பா வெனான்சியோவின் படகு முனையில், வெள்ளை இறக்கையோடு நின்று பூத்தூவ வேண்டும். ரொகேலியோ மகளுக்கு இறக்கையை ஊக்குப் போட்டுப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"என்னங்க, ஜெசாவை அந்தப் படகுல ஏத்த வேணாம். அத்தானுக்குக் காப்பி கொடுக்கப் போனப்ப பாத்தேன். படகு சாயாம இருக்க வலது பக்கம் கட்டியிருக்கிற மிதவை மூங்கிலோட கட்டு விட்டிருக்கு."

"நேத்துத்தானே அண்ணன் பெயிண்ட் அடிச்சாரு."

"பெயிண்ட் அடிச்சாரு. கட்டைப் பிரிச்சுக் கட்டல."

ரொகேலியோ குரலைத் தாழ்த்தினான். காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுகிற குரல். "மாத்திரை போட்டியா, நெனிதா?"

மாத்திரையைப் போன மழைக்காலத்திலேயே டாக்டர் நிறுத்திவிட்டார். அது அவனுக்கும் தெரியும்.

அவளும் மாமியாரும் போன பயணிக் கப்பல் கவிழ்ந்த அன்று, தன் மிதவை உடுப்பைக் கழற்றி மாமியாருக்கு மாட்டிவிட்டு, ஒரு காலி எண்ணெய் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடலில் கிடந்தவள் நெனிதா. கரை சேர்ந்த பிறகுதான் நோய் வந்தது. பி.டி.எஸ்.டி. என்கிற அந்த அதிர்ச்சி நோயை டாக்டர் பொறுமையாக விளக்கினார்: நடந்து முடிந்ததை, இதோ இப்போது நடக்கிறது என்று உடம்பு நம்பிவிடுகிறது. டீசல் நாற்றம் வரும், காது அடைக்கும், விரல் நுனி சில்லிடும். அப்போது காலைத் தரையில் அழுத்தி, எதிரே இருப்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்க்க வேண்டும். நெனிதா இதைக் கருத்தாகக் கற்றுக்கொண்டாள். எது பழைய பயம், எது இன்றைய விஷயம் என்று பிரிக்க அவளுக்குத் தெரியும்.

வீட்டார் மட்டும் டாக்டர் சொன்னதில் அந்த நாலு எழுத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்கள். அவள் கோபப்பட்டால் நோய். சிரித்தால், மருந்து வேலை செய்கிறது. கூரை ஒழுகுகிறது என்று சொன்னபோது, கூரையைப் பார்க்காமல் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

இன்று காலை படகைப் பார்த்தபோது டீசல் நாற்றம் வரவில்லை. விரல் சில்லிடவில்லை. அவள் பார்த்தது தளர்ந்துபோன அந்தக் கட்டு மட்டுமே.

கடற்கரையில் ஒரே ஆரவாரம். மஞ்சளும் சிவப்புமாகப் படகு மினுங்கியது. வெனான்சியோ இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஜெசாவைத் தோளில் வைத்திருந்தான். உறவுக்காரர்கள் ஏறத் தயாராயிருந்தார்கள்.

"அத்தான், எத்தனை பேரு ஏறப் போறீங்க?"

"வந்த சொந்தமெல்லாம்தான். ஏன், நீயும் வர்றியா?"

"மீனுக்குப் போறப்ப ரெண்டு பேருதான். இன்னைக்கு மாதா சொரூபப் படகு திரும்பினா, பாக்கறதுக்கு எல்லாரும் ஒரே பக்கம் சாய்வாங்க. அந்தப் பாரம் பூரா மூங்கில் கட்டு மேலதான் விழும். கட்டியிருக்கிற நைலான் தங்கூசி தண்ணியில மக்காது அத்தான், வெயில்ல நொறுங்கும். மேல பெயிண்ட் பூசினா புதுசு மாதிரி தெரியும், அவ்வளவுதான்."

"அடடே, ஆளுக்குத்தான் பாப்பாங்க... படகுக்கும் பி.டி.எஸ்.டி. பாக்குறியே, டாக்டரம்மா."

கூட்டம் சிரித்தது. லாக்ரிங்குக்கு முகம் சிவந்துவிட்டது. "ரொகேலியோ, அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா. கடலைக் கண்டாலே இப்படித்தான். ஊரு முன்னால மானத்த வாங்குறா."

ரொகேலியோ அவள் கையைப் பிடித்தான். நெனிதா அதை மெல்ல விலக்கினாள். பிறகு, கப்பல் கவிழ்ந்த நாளிலிருந்து கடலில் கால் நனைக்காதவள், திருவிழாப் பாவாடையோடு தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள்.

சிரிப்பு நின்றது.

முழங்கால் நனைந்ததும் டீசல் நாற்றம் வந்தது. இடுப்பு நனைந்ததும் காது அடைத்தது. வரும் என்று அவளுக்குத் தெரியும். காலை அழுத்தினாள். இது மணல்... இது மஞ்சள் பெயிண்ட்... அது என் மகளின் இறக்கை. பற்கள் கிடுகிடுக்க, வலது பக்க மூங்கிலை இரு கைகளாலும் பற்றி, உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கினாள்.

பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே வெளிறிப்போன தங்கூசி படபடவென்று அறுந்தது. படகையும் மூங்கிலையும் இணைக்கும் குறுக்குக் கழி மேலே எழும்ப, மூங்கில் தனியாகப் பிரிந்து அவள் கையோடு வந்தது.

வெனான்சியோ தோளிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டான். நடு விரிகுடாவில், பாரத்தோடு இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடலோரத்து மனிதர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"பெரியப்பா, அம்மா நடுங்குறாங்க," என்றாள் ஜெசா.

"அவளுக்கு நோய் வந்திருக்கு," என்று யாரோ கரையிலிருந்து சொன்னார்கள்.

"ஆமா, வந்திருக்கு." நெனிதா மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு நோயும் இருக்கு, படகுல கட்டும் விட்டிருக்கு. ரெண்டும் நெசமா இருக்கக் கூடாதா அத்தை? நோய் வந்ததுக்கு அப்புறம் நான் சொன்னது ஒண்ணுகூடவா உங்க காதுல விழல..."

லாக்ரிங் செருப்பைக் கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் வந்தாள். பட்டு உடுப்பு நனைந்து காலில் சுற்றியது. மருமகளின் சில்லிட்ட விரல்களைத் தன் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

"உன்னைப் பாக்கும்போதெல்லாம் கப்பல்ல நான் போட்டிருந்த அந்த மிதவை உடுப்பு ஞாபகம் வரும்டி. அது உன்னோடதுன்னு சொல்ல வாய் வரல... உன்னை நோயாளின்னு ஒதுக்கிட்டா, நான் பட்ட கடனுக்குப் பதில் சொல்ல வேண்டாம் பாரு." அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரொகேலியோ அருகே வந்து தலைகுனிந்து நின்றான். "திட்டு, நெனிதா," என்றான். "ஏதாவது திட்டேன்."

"அப்புறம் திட்டுறேன். முதல்ல கட்டைக் கட்டுங்க."

வெனான்சியோ புதுத் தங்கூசிச் சுருள் வாங்க ஓடினான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, எல்லாக் கட்டையும் பிரித்துக் கட்டி முடித்தபோது மாதா சொரூபம் கரையை விட்டு நகர்ந்திருந்தது. பாதிப் பேரைக் கரையிலேயே விட்டுவிட்டு, கடைசிப் படகாக அவர்கள் புறப்பட்டார்கள்.

"ஏறும்மா. உனக்குத்தான் முதல் இடம்," என்றான் வெனான்சியோ.

நெனிதா படகைப் பார்த்தாள். கட்டு கச்சிதமாக இருந்தது. "நீங்க போயிட்டு வாங்க அத்தான். கட்டு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் இன்னைக்குப் பயமா இருக்கு."

யாரும் அந்தப் பயத்துக்குப் பெயர் சொல்லவில்லை. "சரிம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு வெனான்சியோ இயந்திரத்தை முடுக்கினான்.