வலப்பக்கம் பார்த்தவள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ரோட்டைப் பார்க்கவே தெரியாது. காதில் ஒரு போன், கையில் ஒரு கோப்பி, வருகிற கார் தன்பாட்டில் நிற்கும் என்ற நினைப்பு. இதுகளுக்குக் கார் பழக்குவதற்கு, பதினேழு வருசம் துறைமுகத்தில் லொறி ஓட்டிய அருமைநாதன் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்து சோதனை எடுக்கவேண்டுமாம். ஆனால் முதுகு இனி லொறிக்கு ஆகாது. நாளைக்குத் தேறினால்தான் கிறிஸ்தோப்பரின் றைவிங் ஸ்கூலில் வேலை.

"இது சும்மா பழகிப் பாக்க. ஒன்பது வீடியோப் படம், அண்ணை. ரோட்டிலை ஆபத்து வரப்போகுதெண்டு கண்டவுடனை மவுஸை அமத்துங்கோ. நேரத்துக்கு அமத்தினால் பச்சை, விட்டால் சிவப்பு."

"மெசினுக்கு என்னடாப்பா தெரியும்?"

"உங்களை விடத் தெரியும். சம்பளமும் கேக்காது." சிரித்துக்கொண்டு கிறிஸ்தோப்பர் தேத்தண்ணி போட மேலே போனார்.

நாலரை மணிக்கே நிலவறைச் சன்னல் கறுத்துவிட்டது. ஹீட்டரில் தூசி கருகும் மணமும், காயப்போட்ட கையுறைகளின் ஈர மணமும், எங்கோ குழாய்க்குள் தண்ணீர் சொட்டும் சத்தமுமாக, அந்த அறை அவரைச் சுற்றி மெல்ல மெல்லச் சுருங்குவதுபோல இருந்தது. முதற்படத்தில் பந்து ஒன்று உருண்டு வந்தது. அமத்தினார். பச்சை. பஸ் தரிப்பில் மண்ணிறக் கோட் போட்ட ஒரு பெண் நின்றாள். நிற்கட்டும்.

மூன்றாவது படம் கோடை. மரமெல்லாம் பச்சை, ஆட்கள் அரைக் காற்சட்டையில். அதே மண்ணிறக் கோட், பொத்தான் கழுத்துவரை பூட்டி.

ஆறாவதில் அவள் நடைபாதை விளிம்புக்கு வந்திருந்தாள். தலை வலப்பக்கம் திரும்பியிருந்தது.

இந்த நாட்டில் விளிம்பில் நிற்பவருக்கு வாகனம் இடப்பக்கமிருந்து வரும். ஊரில் வலப்பக்கமிருந்து. பதினாலு வருசம் இருந்தும் சிவநேசத்தின் கழுத்து அதைப் பழகவில்லை. "மாடும் பழகிவிடும், நீர் பழகமாட்டீர்" என்று மனைவியை அவர் ஏசாத கிழமை இல்லை.

மூன்று வருசத்துக்கு முந்தி, ஜான்-டலோன் சந்தையடியில் காரை நிறுத்திவிட்டு அவர் உள்ளே இருந்தார். மண்ணிறக் கோட்டும் கொத்தமல்லிக் கட்டுமாக அவள் எதிர்ப்பக்க விளிம்பில் நின்றாள். வலப்பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் இருந்தது அவருடைய கார். அவரைக் கண்டு, பாதை வெறுமை என்று இறங்கினாள். முன்னாலிருந்து வந்த வெள்ளை வானை அவர் கண்டவர். கை ஹோர்னில் இருந்தது.

ஒருவராலும் தடுத்திருக்க முடியாது என்றான் பொலிஸ்காரன். செத்தவீட்டுக்கு வந்தவர்களும் சொன்னார்கள். அவர் ஒருநாளும் நம்பவில்லை.

ஒன்பதாவது முடிந்தது. பச்சை. திரை கறுத்தது.

பிறகு இன்னொன்று தொடங்கியது.

இந்தக் கார் ஓடவில்லை. முன்கண்ணாடிக்கு வெளியே சந்தை, பனி. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் தொங்கும் சின்ன வேல். அவருடைய வேல்.

சொட்டும் சத்தம் நின்றுவிட்டது. ஈரக் கொத்தமல்லி மணம்.

எதிர்ப்பக்கம் அவள். தலை திரும்பியது. அவரைப் பார்த்தாள்.

தூரத்தில் வெள்ளை வான்.

விரல் மவுஸில். அமத்து.

வான் கிட்ட. ஒரு கால் இறங்கியது.

அமத்தடா.

விரல் அசையவில்லை. இந்த முறையும்.

சிவப்பு.

"எல்லாம் பச்சை! அண்ணை, நாளைக்குப் பாஸ்தான்." கிறிஸ்தோப்பர் தேத்தண்ணியோடு நின்றார். திரையில் ஒன்பது பச்சைப் புள்ளிகள்.

"பத்தாவது?"

"பத்தாவது எங்கை? ஒன்பதுதானே. ஏன் அண்ணை, முகம் இப்பிடி வேர்க்குது?"

"உன்ரை மெசின் பொய் சொல்லுது."

கோட்டை எடுத்துக்கொண்டு படியேறினார். "நாளைக்கு எட்டு மணிக்கு, மறக்காதேங்கோ!" என்ற குரல் பின்னால் வந்தது.

வெளியே புதுப் பனி. எதிர்ப்பக்க விளிம்பில் மண்ணிறக் கோட். முகம் அவர் பக்கம்.

இஞ்சரும், இடப்பக்கம் பாரும். தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

எல்லாம் பச்சையாம். பனியை மிதித்து நடந்தார். அடுத்த மூலையிலும் அவள் நின்றாள். அதற்கடுத்த மூலையிலும். அவரையே பார்த்தபடி, ஒரு காலை ரோட்டில் இறக்கி வைத்துக்கொண்டு.