காட்டேரியை ‘வாங்க’ என்று அழைத்தவள்

“வாங்க, உள்ள வாங்க,” என்றாள் மலர்க்கொடி.

ஸ்டீபன்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். “யாரைக் கூப்பிட்ட நீ? அது ரத்தக் காட்டேரி.”

“வாசல்ல வந்து நிக்கிறவங்கள வேற என்ன சொல்றது?”

ஸ்ரீரங்கத்துப் பள்ளியில், சனிக்கிழமை மதியம், ஏழாம் வகுப்பு அறையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஷாஜியா கதை சொல்வாள். மற்ற இருவரும் ஆளுக்கொரு வீரராக மாறி, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும்.

வீட்டுக்காரர் அழைக்காமல் காட்டேரி வாசற்படி தாண்டாது. இது ஆட்டத்தின் விதி. மலர்க்கொடியோ விருந்தாளியைப் போல அழைத்துவிட்டாள்.

“திருவெள்ளறைக்காரங்க காட்டேரிக்கும் இலை போடுவாங்க போல,” என்றான் ஸ்டீபன்ராஜ்.

திருவெள்ளறையிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் மலர்க்கொடிக்குக் காது சூடானது. ஒருவருடைய வீரர் செத்தால், அவர் வருடம் முழுவதும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அவள் ஆட்டத்தில் சேர்ந்தே மூன்று வாரம்தான் ஆகிறது.

சண்டை தொடங்கியது. ஸ்டீபன்ராஜின் வாள் காட்டேரியின் தோளைப் பிளந்தது. காட்டேரியின் முறை வந்ததும் காயம் தானாக மூடிக்கொண்டது. காட்டேரி மலர்க்கொடியின் வீராங்கனையைக் கடித்தது. அவள் இழந்த உயிர்ப் புள்ளிகள் அப்படியே அதன் உடம்பில் ஏறின.

“உனக்கு இன்னும் அஞ்சு உயிர்தான்டி,” என்றாள் ஷாஜியா வருத்தத்தோடு.

“அதுக்குக் காயம் எப்பவும் ஆறிடுமா? விதித்தாளைக் குடு,” என்றாள் மலர்க்கொடி.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மலர்க்கொடி விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். ஸ்டீபன்ராஜ் கொட்டாவி விட்டான். அவன் அதை ஒருநாளும் முழுதாகப் படித்ததில்லை.

“வெயில்லயோ ஓடுற தண்ணியிலயோ நின்னா அதுக்குக் காயம் ஆறாது.”

“கதையில இப்ப இருட்டிடுச்சு. ஆறு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு,” என்றான் அவன்.

கதையில் வரும் வீட்டுக்கு ஷாஜியா வரைந்த படத்தை மலர்க்கொடி பார்த்தாள். “கொல்லையில வாழைத்தோப்பு போட்டிருக்க. அப்ப வாய்க்கால் இருக்கணும்ல?”

“இருக்கு. இந்த நீலக்கோடு.”

“நான் தோப்புக்குள்ள ஓடுறேன். அது துரத்திட்டு வரும்ல?”

“கண்டிப்பா வரும்.”

“வாய்க்கால் கரையை வெட்டி, தோப்புக்குத் தண்ணி பாய்ச்சுறேன்.”

“அது ஆறு இல்ல,” என்றான் ஸ்டீபன்ராஜ்.

“விதியில ஆறுன்னு எங்க இருக்கு? ஓடுற தண்ணின்னுதான் இருக்கு. கரையை வெட்டினா தண்ணி அங்கயே நின்னு வேடிக்கையா பார்க்கும்?”

ஷாஜியா சிரித்துவிட்டாள். “சரி. ஆனா துரத்துறப்ப வெட்டுறது கஷ்டம். பகடை போடு. பதினஞ்சுக்கு மேல விழணும்.”

“எதுக்குப் பகடை? மண்வெட்டியால ரெண்டு கொத்து. தண்ணி வந்துடும்.”

“நீ வெட்டியிருக்கியா?”

“போன ஞாயித்துக்கிழமைகூட. எங்கப்பா வாழைக்கு நான்தான் தண்ணி கட்டினேன்.”

ஷாஜியா பகடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “தெரிஞ்ச வேலைக்குப் பகடை வேண்டாம். தண்ணி பாயுது. காட்டேரி கணுக்கால் அளவு தண்ணியில நிக்குது.”

ஸ்டீபன்ராஜ் துள்ளி எழுந்து பகடையை உருட்டினான். பதினேழு. வாள் இறங்கியது. இம்முறை காயம் மூடவில்லை. இன்னும் இரண்டு வெட்டில் காட்டேரி சாய்ந்தது.

“ரெண்டு கொத்துல வந்துடுமா?” என்று மெதுவாகக் கேட்டான் அவன்.

“உனக்குன்னா பத்து ஆகும்,” என்றாள் மலர்க்கொடி.

ஷாஜியா அவளுடைய வீராங்கனையின் தாளை எடுத்து, ‘திறமைகள்’ என்ற இடத்தில் எழுதினாள்: ‘தண்ணீர் பாய்ச்சுதல். பகடை தேவையில்லை.’

மாலை பஸ்ஸில் மலர்க்கொடி அந்தத் தாளைப் பைக்குள் வைக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும் என்று மடியில் விரித்தே வைத்திருந்தாள்.