பச்சை பூசிய லயம்

சுவரில் பூசிய பச்சை ஒரு மூலையில் குறைந்திருந்தது. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் எவன் சுரண்டினான் என்று இசபெல் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணி நேரம். மண்டபத்தில் ஈ காக்கை இல்லை.

நாளைக்குத் திறப்பு விழா. 'எங்கள் ஊர் கூனிமலை' என்ற தலைப்பின் கீழ் ஊரே அவள் வரைந்த படமாகச் சுவரில் ஏறியிருந்தது. கோப்பிக் காட்டை அழித்து வெள்ளைக்காரன் தேயிலை நட்ட மலை, பசார், மாதா கோயில், ஓயா ஆறு, எல்லாம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஐந்தாம் லயம் மட்டும் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் மண்சரிவு அதை விழுங்கியது. நாலாம் நாளே தோண்டுவதை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள், பாவிகள். பதினோரு பேர் இன்னும் உள்ளேதான். அதில் ஒருத்தி கேத்ரின், தேயிலைக் கொழுந்து பறித்து இசபெலைப் படிக்க வைத்த அக்கா.

"அந்த எடத்துல ஹோட்டல் வருதுங்க டீச்சர். லயத்த போட்டு கிளறாதீங்க. தேயிலைய வரஞ்சிருங்க," என்றார் காலையில் வந்த பிரதேச சபை உறுப்பினர் றொனால்ட்.

மறுத்தால் வேறு பள்ளிக்கு இடமாற்றம் வரும். தலையாட்டினாள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று காலையிலிருந்து தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். படத்திலும் இல்லையென்றால், அங்கே ஆட்கள் புதைந்ததற்கு நாளைக்கு எவன் சாட்சி?

தோட்டத்தில் பிறந்த கை. லயம் இருக்க வேண்டிய இடத்தில் அவள் பூசிய தேயிலை நிரை நிரையாகத்தான் வந்தது. எண்ணினால் பதினொன்று. கொழுந்து பறிக்கையில் ஆளுக்கொரு நிரை, பிடித்த நிரையை முடிக்காமல் யாரும் மலையிலிருந்து இறங்குவதில்லை.

ஜன்னல்களைப் பனிமூட்டம் அடைத்தது. ஈர மண்ணின் வாடை, அதற்குள்ளே பச்சைக் கொழுந்தின் கசப்பு வாடை, யாரோ கூடையை முதுகில் சரிசெய்கிற மெல்லிய உரசல். பிறகு, டக். டக், டக். கொழுந்து ஒடிகிற சத்தம் சுவரிலிருந்து வந்தது.

நிரைகளின் அடியிலிருந்து பச்சை உதிர்ந்துகொண்டிருந்தது. மேலே. இன்னும் மேலே. அடியில் சுண்ணாம்பு இல்லை. சிவந்த மண். தகரக் கூரை. கதவு.

"அக்கா, போட்டுர்றேன்க்கா! லயத்த இப்பவே போட்டுர்றேன்!"

"யார கேட்டு மூடுன?"

கேத்ரினின் குரல்தான். மண் அடைத்திருந்தது.

கதவு திறந்தது. பதினோரு பேர். கண்களில் மண். சுவரில் பச்சை ஒரு பொட்டும் மிச்சமில்லை.

இசபெல் தன் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் பச்சை.

கேத்ரின் அவளுடைய சுண்டுவிரலை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்தாள்.

டக்.