ஒட்டுமானியும் பிறவிப்பெருமாளும்

திருநெல்வேலியில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த எல்லோரையும் போலத் தளவாயும் மணிக்கட்டில் ஒட்டுமானி கட்டியிருந்தார். இரத்தத்தில் தட்டணுக்கள் என்று சில உண்டு. காயம் பட்டால் ஓடி வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைப்பவை. அதே சுறுசுறுப்பை ஸ்டென்டுக்குள் காட்டினால் ஆள் காலி. முன்பெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இரத்தம் கொடுத்து அவற்றின் ஒட்டுந்தன்மையைப் பார்ப்பார்கள். இப்போது ஒட்டுமானியே ஓயாமல் பார்த்து, ஒட்டுவதைக் குறைக்கும் மருந்தை வேண்டிய மட்டும் தோல் வழியே செலுத்திவிடும். ஒட்டும் அளவு கூடினால் மாரடைப்பு, குறைந்தால் இரத்தப்போக்கு.

கோபம் வந்தால் தட்டணுக்களுக்கும் வரும். யாரைக் கண்டதும் அளவு எகிறுகிறது என்று பார்த்து, புதிய மாதிரி ஒட்டுமானி ஆளையே காட்டிக்கொடுத்தது. தளவாய்க்கு அது சொன்ன பெயர் பிறவிப்பெருமாள். மனைவி கோமுவின் தம்பி.

அவர் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவார். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் போட்ட சொதி விருந்தில் தேங்காய்ப்பால் குறைந்தது என்பார் தளவாய். மாப்பிள்ளை வீட்டாருக்கு நாக்கு செத்துவிட்டது என்பார் பிறவிப்பெருமாள். கல்யாணமாகி முப்பது வருடம் ஆகியும் வழக்கு முடியவில்லை.

ஒட்டுமானியின் சொல் கேட்டு, இனி வர வேண்டாமென்று மச்சினனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் தளவாய்க்கு ஈறில் இரத்தம் கசிந்தது. பிறகு மூக்கில் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

டாக்டர் பியூலா ஒட்டுமானியைத் துருவிப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். இரவில் வரப்போகிற கோபத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே மருந்து செலுத்த அது பழகியிருந்தது. கோபம் நின்றது, மருந்து நிற்கவில்லை. இப்போது நிறுத்தியாயிற்று, ஆனால் ஏற்கெனவே மருந்து பட்ட தட்டணு சாகும்வரை திருந்தாது. புதிதாகப் பிறந்தவற்றையாவது கோபமூட்டி உசுப்பிவிட வேண்டும். மருந்துச் சீட்டில் எழுதினார்: மச்சினன், இரவு ஒன்று, உணவுக்குப் பின்.

பிறவிப்பெருமாள் வந்தார். மூக்கில் பஞ்சு அடைத்துக் கிடந்தவரைப் பார்த்ததும் மனம் இளகிவிட்டது.

"அத்தான், அன்னைக்கு சொதியில தேங்காப்பால் கொறச்சல்தான். தப்பு எங்க மேலதான்."

தளவாயின் கண்கள் நிறைந்தன. பஞ்சும் இரத்தத்தில் நனைந்தது. டாக்டர் மச்சினனை வெளியே இழுத்து வந்தார்.

"சமாதானம் பேசவா உங்களக் கூப்பிட்டேன்?"

மறுபடி உள்ளே போன பிறவிப்பெருமாள் தளவாயின் பரம்பரையையே திட்டிப் பார்த்தார். தளவாய் அன்பாகச் சிரித்தார்.

"நீ மருந்துக்குப் பேசுத, மாப்ள. எனக்குத் தெரியாதா?"

ஒட்டுமானியில் அளவு இன்னும் இறங்கியது. விடிவதற்குள் ஏறாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கோமுவைத் தனியே அழைத்துச் சொன்னார். கோமு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலருகே போனாள்.

"தேங்காப்பால்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அத்தைதான் முதல் பால ஒரு வாளி எடுத்து ஒளிச்சு வச்சாக, எங்க மானத்த வாங்க. நான் என் கண்ணால பாத்தேன்."

"எங்கம்மையவா சொல்லுத?"

தளவாய் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அளவு ஏறியது. சற்று நேரத்தில் இரத்தம் நின்றது.

டாக்டர் சீட்டில் மச்சினனை அடித்துவிட்டு மனைவி என்று திருத்தினார். உடனே ஒரு கவலை வந்தது. இருந்த உண்மையையும் சொல்லியாயிற்று. நாளைக்கு என்ன செய்வது என்று கோமுவிடமே கேட்டார்.

"அதுக்கென்ன டாக்டர்," என்றாள் கோமு. "எங்கிட்ட இன்னும் கெடக்கு. இவுக ஆயுசுக்கும் காணும்."