சோளம் நிறைந்த வயிறு

முயல் கடித்த கொழுந்து கத்தியால் சீவியதுபோல் இருக்கும். மானுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. இழுத்துப் பிய்க்கும், நுனி நார் நாராகத் தொங்கும். ஹில்யாவின் வாசலோரத் தேவதாருவில் நார்தான் தொங்கியது. ஆனால் அது உச்சிக்கிளை. யாரோ அதைக் கீழே வளைத்துப் பிடித்துக்கொண்டு தின்றிருந்தார்கள். வளைத்துப் பிடிக்க மானுக்கு ஏது கை?

மதியம் அவள் கணவனின் தம்பி வெய்னோ வந்தான். முற்றத்துப் பனியில் செத்துக் கிடந்த இரண்டு பெண்மான்களை இழுத்துப்போக அவள்தான் கூப்பிட்டிருந்தாள். அவன் ஒன்றின் வயிற்றைக் கீறினான். புளித்த வாடை குப்பென்று அடித்தது. உள்ளே மஞ்சள் மஞ்சளாகச் சோளம்.

"பாத்தீங்களா அண்ணி? இதுங்க பட்டினியில சாகல. நீங்க கொட்டின சோளத்துல செத்திருக்கு."

"வயிறு நிறைய இருக்கே."

"நிறைய இருந்துதான் செத்துச்சு. பனிக்காலத்துல அது வயிறு சுள்ளிக்கும் பட்டைக்கும் பழகிடும். திடீர்னு சோளம் போட்டா உள்ளயே புளிச்சு விஷமாயிடும். அண்ணன் இத்தனை வருஷம் சுட்டதைவிட நீங்க ஒரே மாசத்துல கொன்னது அதிகம்."

சிரிக்கத்தான் சொன்னான். ஆனால் அண்ணன் என்ற சொல் வந்ததும் இருவரும் பனியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நவம்பரில், வேட்டைக்காலம் தொடங்கிய அன்று, அவள் கணவன் ஆர்வோ விடியுமுன் காட்டுக்குப் போனான். திரும்பவில்லை. தேடியவர்களும் பனி ஏற ஏற ஓய்ந்துவிட்டார்கள். அவனுக்காக மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்து அவள் சுட்ட பேஸ்டி அடுப்பின் மேலேயே இருந்தது. வெறும் வயிற்றோடு போயிருக்கிறான். அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. அதனால்தான் பசியோடு வந்த எதற்கும் போட்டாள்.

"இனிமே எது வந்து நின்னாலும் போடாதீங்க," என்று சொல்லிவிட்டு வெய்னோ போனான்.

சாயங்காலம் சுப்பீரியர் ஏரிக் காற்று அடங்கி, ஜன்னல் கண்ணாடியில் உறைபனி பூத்து, அடுப்பில் பேஸ்டி வேகும் வாசனை வீடெல்லாம் நிரம்பியிருந்தபோது, விலா எலும்பு தெரிய மான்கள் ஒவ்வொன்றாக மரங்களுக்குள்ளிருந்து வந்து, சோளம் கொட்டும் இடத்தை முகர்ந்துவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவள் நகரவில்லை. அப்போது வாசல் பக்கம் கிளை வளையும் ஓசை. நார் பிய்யும் ஓசை. பிறகு மெல்லும் ஓசை.

மான்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பழகிய ஒன்றை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

கண்ணாடியைத் துடைத்தாள். ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு. உள்ளே உடம்பே இல்லாததுபோல் தொங்கியது.

"ஹில்யா. சாப்பிட என்ன இருக்கு?"

அதே குரல். வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்பானே, அதே குரல்.

கதவைத் திறந்தாள். அவன் சிரித்தான். மேல்வாயில் முன்பற்கள் இல்லை. ஈறு வழவழவென்று காய்த்துப் போயிருந்தது.

"வேணாங்க," என்றாள். "உங்களுக்கு ஆகாது. இலை இருக்கு பாருங்க. நான் ஒடிச்சுத் தரேன்."

"எத்தனை நாள்தான் மரத்தைத் திங்கிறது." உள்ளே முகர்ந்தான். கண்ணில் நீர் வழிந்தது. "அன்னிக்கு சாப்பிடாம போயிட்டேன்ல."

அவளால் முடியவில்லை.

தட்டோடு வெளியே வந்தாள். பிட்டுப் பிட்டு ஊட்டினாள். சூடான நாக்கு அவள் விரல்களை நக்கியது. இன்னும் என்றான். கொடுத்தாள். இன்னும். இருந்ததையெல்லாம் கொடுத்தாள். கோட்டின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. அவன் அவள் மடியில் சாய்ந்து, "நல்லாருக்கு" என்றான். அவன் மூச்சில் புளித்த வாடை.

விடிந்தபோது அவனிடம் மூச்சு இல்லை. கை விறைத்திருந்தது. திறந்த கண்ணில் பனி படிந்திருந்தது. தாடை மட்டும் நிற்கவில்லை. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மெல்ல அரைத்துக்கொண்டே இருந்தது.