உள்புறம் வெளியே மடித்த சட்டை

ஹபீபா தினமும் மத்தியானம் இரண்டு தட்டு எடுத்து வைப்பாள். ஒன்றில் அவள் சாப்பிடுவாள். இன்னொன்று கவிழ்ந்தபடியே கிடக்கும்.

"அம்மா, சோறு ஆறிப்போவுது!"

"நீ துன்னு கண்ணு. இந்தக் கை மட்டும் வெச்சுட்டு வந்துடறேன்" என்பாள் அம்மா அக்தர் பேகம். கை முடிந்தால் காலர், காலர் முடிந்தால் அடுத்த சட்டை. அந்தத் தையல் மெஷினுக்குப் பசியே எடுக்காது போலிருக்கிறது.

அத்தாவுக்குப் பம்பாயில் வேலை. சதுரங்கப்பட்டினத்துக்கு அவர்கள் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தெருவில் யாரும் இன்னும் ஹபீபாவை விளையாடக் கூப்பிடவில்லை. மெஷின் சத்தத்தையும் கடல் இரைச்சலையும் கேட்டுக்கொண்டே தனியாகச் சாப்பிடுவாள். பத்து வயதுக்கு அது ரொம்பப் பெரிய தனிமை.

ஒருநாள் எதிர்வீட்டுச் சந்திரம்மா வந்தாள். கல்பாக்கத்தில் ஒரு இன்ஜினியர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். மகள் மார்கரெட்டுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கத் துணியும், அளவுக்கு ஒரு பழைய சட்டையும் கொண்டுவந்திருந்தாள்.

"மூணு ரூபா ஆவும்" என்றாள் அம்மா.

"மூணா! கடைத்தெருவுல ரெண்டு ரூபாய்க்குத் தெச்சுத் தரான். மெஷின்தானே தெக்குது, உனுக்கு இன்னா கஷ்டம்?"

அம்மாவுக்கு வாதாடத் தெரியாது. "சரி, ரெண்டே குடு" என்றாள்.

ஹபீபாவுக்கு அழுகை முட்டியது. விலை குறையக் குறைய அம்மா இன்னும் நிறையச் சட்டை தைக்க வேண்டும். அந்தத் தட்டு இன்னும் எத்தனை நாள் கவிழ்ந்தே கிடக்குமோ!

"ரெண்டு ரூபாய்க்கு ரெண்டு ரூபா வேலை மட்டும் செய்யேம்மா!" என்றாள்.

"அதெப்படி? ஒரு கையை மட்டும் தெச்சு அனுப்பட்டா?" அம்மா சிரித்தாள். கால் மட்டும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

இரண்டு நாளில் சட்டை தயாரானது. மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, அம்மா தண்ணீர் பிடிக்கப் போனாள்.

மடிக்கும்போது ஹபீபா உள்பக்கத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே விட்டிருந்தாள் அம்மா. மார்கரெட் வளர வளரப் பிரித்துவிடலாம். அக்குளில் இரட்டைத் தையல். வெட்டிய ஓரங்களில் நூல் பிரியாமலிருக்கக் கையாலேயே பொடிப்பொடியாகத் தைத்திருந்தாள்.

கடைத்தெருவில் தைத்த அந்த அளவுச் சட்டையையும் திருப்பினாள். பிரித்துவிட அதில் துணியே இல்லை. நூல் நூலாகத் தொங்கியது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிச் சட்டைதான்!

ஹபீபா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இரண்டையும் உள்புறம் வெளியே தெரியும்படி மடித்து வைத்தாள்.

சந்திரம்மா வந்தாள். "இன்னாடி இது? மாத்தி மடிச்சு வெச்சிக்கினு கீறே!"

"எங்கம்மா வேலையெல்லாம் உள்ளதான் கீதுக்கா. ஒழுங்கா மடிச்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சந்திரம்மா சட்டையைத் தடவிப் பார்த்தாள். "இத்தெல்லாமா மெஷின் செஞ்சுச்சு?"

"மெஷினுக்கு ஏதுக்கா விரலு? அம்மா விரல்லதான் பூரா ஊசி குத்துன தழும்பு."

சந்திரம்மா, சோப்பில் ஊறி வெடித்துப்போன தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"எங்க இன்ஜினியர் வூட்டம்மாவும் இப்படித்தான் சொல்லும். 'சோப்புதானே தேய்க்குது, உனக்கென்ன'ன்னு. எனுக்கு வவுறு எரியும்" என்றாள் மெதுவாக.

குடத்தோடு வந்த அம்மா பதறிப்போனாள். "ஐயோ, ஏண்டி இப்படி மடிச்சே?"

"இருக்கட்டும் அக்தரு. இனிமே எல்லாருக்கும் இப்படியே மடிச்சுக் குடு" என்ற சந்திரம்மா, மெஷின் மேல் மூன்று ரூபாயை வைத்துவிட்டுப் போனாள்.

எல்லாரும் சந்திரம்மா ஆகிவிடவில்லை. சிலர் உள்ளே பார்க்காமலேயே கடைத்தெருவுக்கு நடந்தார்கள். ஆனால் நாலைந்து பேர் பேரம் பேசுவதை விட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹபீபா வழக்கம்போல இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். திடீரென்று மெஷின் நின்றது. வீட்டில் கடல் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா வந்து உட்கார்ந்து, தன் தட்டை நிமிர்த்தினாள். ஒரு வாய் எடுத்து வைத்ததும் அவள் கண் விரிந்தது.

"அட, சோறு சூடா கீதே!"